புரியாணி ஏறிய கதிரை

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஒரு கல்யாணம். ஹோலில் நுழைந்ததுமே எனக்குப் பசி. கல்யாணம் என்றாலே எனக்குப் புரியாணிதான்... இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெண்ணின் தகப்பன் ஹனீபா நானா என் பக்கத்து வீட்டுக்காரர். மிளகு, கராம்பு வியாபாரி. சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். உடனே சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள்: "மகளட நிகாஹ்வுக்கு நானாட தம்பி நிண்டு பொண்ணக் குடுக்கட்டும். நானா வீட்ட இருந்து துஆ கேக்கட்டும்."

நானாவுக்கு வந்ததே கோபம்! "கால்தான் போச்சு. அவள்ட வாப்பா போகல்ல!"

கடையில் விற்கிற வீல்செயார் அவர் வீட்டு வாசலில் நுழையாது. அவ்வளவு ஒடுக்கம். என்ன செய்தார்? கல்யாண வீடுகளில் போடுவோமே வெள்ளை பிளாஸ்டிக் கதிரை, அதில் ஒன்றை எடுத்தார். பின்னால் சின்னப் பிள்ளை சைக்கிளின் சில்லு. முன்னால் உடைந்த சூட்கேசின் குட்டிச் சில்லு. பிரேக்குக்கு ரப்பர் செருப்புத் துண்டு. நிகாஹ்வுக்கு இதில்தான் வருவேன், மகளை நானே கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம்.

வந்தார். ஃபோட்டோக்காரர்தான் கெடுத்தார். "அங்கிள், இந்தக் கதிர ஃபோட்டோவுக்கு நல்லமில்ல." நானாவைத் தூக்கி சோபாவில் உட்கார்த்திவிட்டு, கதிரையைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

மாப்பிள்ளை ஹோலின் அந்தப் பக்கம் தயார். பதிவாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். "பல்லேபொலையில இன்னொரு நிகாஹ் இரிக்கி. வாப்பா எங்க?"

வாப்பா சோபாவில். கதிரை? காணோம்!

"தூக்கிட்டுப் போவோம் நானா" என்று நாலு பேர் குனிந்தோம்.

"தூக்கிட்டுப் போய் அடக்க நான் என்ன ஜனாஸாவா? என்ட கதிரயக் கொண்டாங்க!"

அதற்குள் தம்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பதிவாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நானாவின் முகம் செத்துப்போனது. எனக்குப் பசி மறந்தே போனது.

ஓடினேன். திரைக்குப் பின்னால் இல்லை. வாசலில் இல்லை. சமைக்கிற குசினிப் பக்கம் போனால்... ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன், புரியாணி குவிய, ஜம்மென்று கதிரையில் உட்கார்ந்து வருகிறது! பின்னால் சமையல்காரக் கோக்கி விசிலடித்துக்கொண்டு தள்ளுகிறார். ஹோல்காரர் புது டிரொலி வாங்கியிருக்கிறார் என்று நினைத்தாராம். "அருமையான சாமான் சேர்! திருப்பினா திரும்புது, நிப்பாட்டினா நிக்கிது!"

இறக்குங்க என்றால், "இன்னும் எவ்வளவோ சஹன் கிடக்கே" என்று மல்லுக்கு நிற்கிறார்.

"யா அல்லாஹ்! இது பொண்ணுட வாப்பாட கால்!" என்று கத்தினேன். பயந்துபோன மனிதர் சஹனை அப்படியே என் கையில் தந்துவிட்டுக் கதிரையோடு ஓடினார்.

நானா ஏறினார். நெய் மணக்க மணக்கத் தானே சில்லை உருட்டிக்கொண்டு போனார். தம்பிக்காரர் எழுந்து இடம் விட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, குரல் தடுமாறாமல் மகளைக் கொடுத்தார் நானா. கண் கலங்கியது எனக்குத்தான். துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் சஹன்!

நாலு பேரும் தூக்கத்தான் குனிந்தோம். உதவி என்றால் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இல்லையா?

மாப்பிள்ளையும் அப்படித்தான். நிகாஹ் முடிந்ததும் மரியாதையாக எழுந்து, கதிரையைப் பின்னாலிருந்து தள்ளப் பார்த்தார்.

"மருமகன், கையெடுங்க. நீங்க என்ட மகளப் பாருங்க. என்ன நான் பாத்துக்குவேன்."