அழிக்கவா என்று கேட்ட ஃபைல்

பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் காலையில் ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து பழைய புரோகிராம் ஒன்றை நீக்கினேன். 'இந்த ஃபைலை வேறு புரோகிராம்களும் பயன்படுத்தலாம், அழிக்கவா?' என்று திரையில் கேட்டது. அரைகுறையாகப் படித்துவிட்டு 'எஸ்' அழுத்தினேன்.

மத்தியானம் அதே கம்ப்யூட்டரில் மெஷினை ஓட்டும் புரோகிராம் திறக்கவில்லை. உற்பத்தி லைன் மொத்தமும் நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்.

ஆபரேட்டர் செல்வராஜ் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் கேம்ஸ் ஆடுவான். அவன் ஏதோ சொல்ல வந்தான். சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"கேம்ஸ் போட்டு கெடுத்துட்டு என்கிட்டயே வர்றியா?" என்று மறுபடியும் கை ஓங்கினேன்.

தடுக்கத் தூக்கிய அவன் உள்ளங்கையில் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. "இந்த ஃபைல் இல்லைனு ஸ்க்ரீன்ல வருது சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றான்.

காலையில் நான் அழித்த ஃபைல். மெஷின் புரோகிராமுக்கும் அதுதான் வேண்டியிருந்திருக்கிறது.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஃப்ளாப்பியில் அதைக் கொண்டுவந்து போட்டதும் லைன் ஓடியது. செல்வராஜ் வாயைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போனான். தப்பு என்னுடையது என்று அவனிடம் சொல்லவே இல்லை.

அழிக்கும் முன் அந்தக் கம்ப்யூட்டர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டது. நான் செல்வராஜைக் கேட்கவில்லை.