அவன் படிப்பை விடமாட்டான்

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் காலத்தில் பூப்பந்து ஆடியவர்களும் பார்த்தவர்களும் ‘அட, அவனா!’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் நினைவுகளை நான் உட்கார்ந்து எழுதும்போதும் பேர் அவனுக்கே போக வேண்டுமா? இந்த ஒன்றையாவது அவனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நானும் அவனும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருடம். விடுதியில் ஒரே அறை. எனக்குத் தென்காசி, அப்பாவுக்கு ரதவீதியில் பாத்திரக்கடை. அவனுக்கு அச்சன்புதூர், அவன் அப்பாவுக்கு நெல் வயல். இருவரும் கல்லூரியின் பூப்பந்துக் குழுவில் இருந்தோம். இப்போதுள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: மஞ்சள் கம்பளி நூலில் செய்த சின்னப் பந்து, நரம்பு கட்டிய மட்டை, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். நான் நடுவில் நின்று ஆடுபவன், கேப்டனும் நானே. அவன் பின்வரிசையில் நிற்கும் இடக்கைக்காரன்.

கேப்டன் என்று நான் சொல்லிக்கொள்வதை யாரும் மறுக்க முடியாது, கல்லூரிப் புகைப்படத்தில் நடு நாற்காலியில் நான்தான் இருக்கிறேன். ஆனால் பந்தயம் பார்க்க வந்தவர்கள் யாரும் கேப்டன் அடித்த அடியைப் பற்றிப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. “அந்த இடக்கைப் பயல் அடிச்சான் பாத்தியா!” என்றுதான் போவார்கள். அவன் அடிக்கத் தோதாகப் பந்தை விட்டுக்கொடுத்தவன் யார் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்த ஆட்டத்தை வைத்துப் பிழைக்க அன்றைக்கு ஒரு வழிதான் இருந்தது. பெரிய பஞ்சாலைகள் தங்கள் பெயரில் குழு வைத்திருந்தன. நல்ல ஆட்டக்காரன் கண்ணில் பட்டால் மில்லில் வேலை என்று சேர்த்துக்கொள்வார்கள். பெயருக்குத்தான் வேலை. மதியம் வரை மில், பிறகு பயிற்சி, வருடத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் பந்தயம். நம் படிப்பு முடியும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இருபது வயதுக் கால்கள்தான் அவர்களுக்குத் தேவை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. கடையில் உட்கார்ந்து பெண்களுக்குக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே கிழவனாக நான் தயாராக இல்லை. அவனுக்கும் அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. மதுரைக்கு அந்தப் பக்கத்து மில் ஒன்றின் குழுவைப் பார்த்துக்கொண்டவர் வருடத்துக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அந்த மில்காரர் ஆடி மாதம் குற்றாலத்துக்கு வருவார். கேட்டால் அருவிக் குளியலுக்கு என்பார். அவர் ஆள் பார்க்க வருகிறார் என்பது சிப்ஸ் கடைக்காரர் வரைக்கும் தெரியும். ஐந்தருவி போகிற பாதையில் ஒரு திடலில் சீசன் பந்தயம் நடக்கும். சாரல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். நிறுத்துவது என்றால் சீசன் முழுக்க ஆட்டமே நடக்காது. நனைந்த கம்பளிப் பந்து கனத்துவிடும் என்பதால் நாலைந்து பந்துகளை மாற்றி மாற்றி ஆடுவோம். நனைந்ததைச் சிப்ஸ் கடை அண்ணாச்சி துண்டில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்து உலர்த்தித் தருவார். பந்தெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும்.

அந்த வருடம் சனிக்கிழமை ரயிலேறி ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஆடினோம். அப்பா எனக்குத் திருநெல்வேலியில் புது மட்டை வாங்கித் தந்திருந்தார். நரம்பு விண்ணென்று இருக்கும். அதை மெழுகுத்துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவது போலத் தூக்கிவந்தேன். இரண்டாம் செட்டில் சாரல் வலுத்தது. புது நரம்பு ஈரம் குடித்துத் தொய்ந்துபோனது. நான் தூக்கிய பந்தெல்லாம் வலையிலேயே போய் விழுந்தது. அவனிடம் இருந்தது பழைய மட்டை, எத்தனையோ மழை பார்த்தது. அவன் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் ஈரப்பந்தும் எதிர்ப்பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்தது. ஜெயித்தோம். கோப்பையை வாங்கியது நான். கூட்டம் தூக்கிக்கொண்டு போனது அவனை. மழை மட்டும் பெய்யாமல் இருந்தால் என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை பேரருவிக்குக் குளிக்கப் போனேன். மில்காரர் கோவணத்தோடு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய், ஊறட்டும் என்று காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை காட்டிக் கூப்பிட்டார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

“தம்பி, நீதானே கேப்டன்? அந்த இடக்கைப் பையன் எப்படிப்பட்ட ஆளு?” என்றார்.

அவர்கள் வழக்கம் அது. ஆட்டக்காரனை நேரே கேட்க மாட்டார்கள். பெண்ணெடுக்கிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலக் கூட ஆடுகிறவனிடம் விசாரிப்பார்கள். குடிப்பானா, கோபக்காரனா, வீட்டில் தொந்தரவு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’தான் சொல்ல முடிந்தது. பொய் சொல்லியிருப்பேன். வேறு யாரையாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

“மில்லுக்குக் கூப்பிட்டா வருவானா?”

அப்போது எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அருவி முழுவதையும் தலையில் விட்டிருந்தாலும் அணைந்திருக்காது. ரொம்பப் பணிவாகச் சொன்னேன்: “அவன் வரமாட்டான்யா. படிப்புல உசிரா இருக்கான். அவன் படிப்பை விடமாட்டான். மில்லுல வேலைன்னு கூப்பிட்டா மனசு சங்கடப்படுவான்.”

உண்மையில் அவன் முதல் வருட ஆங்கிலத்தையே இன்னும் எழுதி முடிக்கவில்லை. புத்தகத்தை விரித்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான்.

“அப்படியா?” என்றார். தோளில் வழிந்த எண்ணெயை அழுத்தித் தேய்த்துவிட்டார். இனி என்னைப் பற்றித்தான் கேட்பார் என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். “நீயும் பி.ஏ.தானே?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லாப் படி தம்பி” என்று சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனார்.

எனக்குக் கிடைக்காவிட்டால் போகிறது, அவனுக்கும் இல்லை. அன்றைக்கு அருவியில் அந்த நிம்மதியோடு வெகு நேரம் நின்றேன்.

அந்த நிம்மதி பத்து நாள்கூட நிற்கவில்லை. விடுதிக்கு அவன் பெயரில் மில்லிலிருந்து கடிதம் வந்தது. வழக்கமாக ஆட்டக்காரர்களைப் பஞ்சு பிரிக்கும் பகுதியில் கூலி ஆளாகத்தான் சேர்ப்பார்கள். இவனுக்கு, ஆட்கள் வருகையைப் பதிகிற டைம் ஆபீசில் ஸ்டாஃப் வேலை. மேசை, நாற்காலி, மின்விசிறி. படிப்பில் இத்தனை ஆர்வம் உள்ள பையன் என்று அறிந்ததால், விரும்பினால் தனித் தேர்வராகப் பி.ஏ. எழுதிக்கொள்ள மில் வசதி செய்து தரும் என்று வேறு ஒரு வரி. அந்த வரியை அவன் சத்தமாகப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “யாருலே இவங்ககிட்ட நான் படிப்பேன்னு சொன்னது?” என்றான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே மறுபடியும் மடித்தேன்.

அச்சன்புதூரிலிருந்து அவன் அப்பா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பையன் ஆபீசர் ஆவான் என்று இருந்தவர், பந்தடிக்கப் படிப்பை விடுவதா என்று கண் கலங்கிவிட்டார். என்னைத் தனியே கூட்டிப்போய், “நீ சொன்னா கேப்பான்யா. டிகிரிய முடிக்கச் சொல்லு” என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக நான் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. கால் எத்தனை நாளைக்குலே வரும், முட்டி போச்சுன்னா மில்லு உன்னைத் திரும்பிப் பாக்குமா, டிகிரி இருந்தா சாகுறவரைக்கும் சோறு என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் சரி. ஒன்றுகூட அவன் நன்மைக்காகச் சொன்னதில்லை.

அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “நீ என் நல்லதுக்குத்தாம்லே சொல்லுதே, எனக்குத் தெரியும். ஆனா நான் போறேன்” என்றான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேற்றிவிட நான்தான் போனேன். தன் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கடையில் வாங்கியபடியே இருந்தன.

பிறகு ஆடி மாதம் வந்தாலே எனக்குக் காய்ச்சல் மாதிரி ஆகிவிடும். நான் பி.ஏ. முடித்துத் தென்காசியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா ஆகியிருந்தேன். அவன் மில் குழுவோடு குற்றாலத்துக்கு ஆட வருவான். நீலக் கோட்டில் மார்புப் பக்கம் மில் எழுத்துத் தைத்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டான். அம்மா அவனுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, “ஏலே, அவன் கோட்டப் பாருலே, எப்படி இருக்கான்!” என்பாள். நான் பார்க்காமலா இருந்தேன்? கோட்டில் எத்தனை பொத்தான் என்றுகூட எனக்குத் தெரியும். திடலில் முன் வரிசையில் உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்ப்பேன். பந்து வெளியே போகாதா, கால் இடறாதா என்றுதான் பார்ப்பேன். அவன் ஜெயித்ததும் முதலில் எழுந்து கை தட்டுகிறவனும் நான்தான். தட்டாவிட்டால் நாலு பேர் கவனிப்பார்களே.

அவன் முட்டியும் போகவில்லை, மில்லும் மூடவில்லை. நான் உருக்கமாகச் சொன்ன ஒன்றுகூட நடக்கவில்லை. ஆட்டம் குறைந்ததும் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவனையே வைத்துக்கொண்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு சீசன். இருவரும் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் பழைய மில்காரர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றான். “போறதுக்கு முந்தி எல்லாத்தையும் சொன்னாருலே. நீ எனக்காகச் சொன்னியாமே, படிப்புல உசிரா இருக்கான்னு? அதக் கேட்டுத்தான் ஸ்டாஃப் வேலை போட்டுக் குடுத்தாராம். இல்லன்னா நான் பஞ்சுத் தூசியில இருமிக்கிட்டுக் கெடப்பேன். இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலையேலே நீ!” என்றான். அவன் கண்ணில் தண்ணீர். எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் மறு கையால் முழங்காலில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“நான் ஒண்ணு சொல்லணும்லே” என்றான். “அன்னைக்குக் காலையில, உங்கிட்டப் பேசுறதுக்கு முந்தியே, அவரு என்னக் கூப்பிட்டு உன்னப் பத்தி விசாரிச்சாரு. கேப்டன் வருவானான்னு கேட்டாரு. ஒரு ஆளத்தானே எடுப்பாரு? எனக்கு ஆசை. அவன் படிப்பை விடமாட்டான்னு சொல்லிட்டேன். நீ நல்ல மனசுல எனக்குச் சொன்ன. நான் கெட்ட மனசுல உனக்குச் சொன்னேன். மன்னிச்சிருலே.”

என் வாயில் வந்துவிட்டது. நானும் அதே மனசில்தான் சொன்னேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று முதல் முறையாக என்னிடம் இருந்தது: நல்ல மனசுக்காரன் என்ற பேர். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. “பழைய கதையெல்லாம் எதுக்குலே, விடு” என்று பெரிய மனுஷன் மாதிரி அவன் முதுகில் தட்டினேன்.

குளித்துவிட்டு பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தை. அவன் படிப்பை விடமாட்டான் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் அவனை எப்படி வரவழைப்பது என்று அந்த மனிதர் யோசித்தார். மேசை போட்டு, நாற்காலி போட்டு, மின்விசிறியும் மாட்டிக் கூப்பிட்டார். நான் படிப்பை விடமாட்டேன் என்று கேள்விப்பட்டதும், எண்ணெய் வழிய என்னை நிமிர்ந்து பார்த்து, நல்லாப் படி தம்பி என்றார்.

நல்லாத்தான் படித்தேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன்.