கார் மேல் போட்ட பழி

எங்கள் அத்தை சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாள் என்று சொன்னபோது கல்லூரியில் ஒருத்தியும் நம்பவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவளிடம் அப்படி ஒரு கார் எப்படி வரும் என்று கேட்டார்கள். வந்த கதை ரொம்ப எளிது. முதலாளியின் மகன் அதை ஆசை தீர ஓட்டித் தேய்த்துவிட்டு, வேறு வண்டி வாங்கியதும் கம்பெனி ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார். பழைய இரும்புக்குப் போக இருந்ததை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தாள். கம்பெனியில் தோலின் நிறம் பார்ப்பது அவள் வேலை. சாயம் ஏற்றிய தோலை வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துண்டோடு ஒட்ட வைத்துப் பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் அது வெட்டுவதற்குப் போகும்.

காருக்கு இரண்டே கதவு. பின்னால் பேருக்கு ஒரு சீட்டு. ஆயில் குடிக்கும், கிளட்ச் வழுக்கும், ஏற்றிய கண்ணாடி இறங்காது. உதிரி பாகம் கிடைக்காது, தள்ளிவிடுங்கள் என்று மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அப்பா அதையே சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் காரைப் பறக்க விடுவாள். லாரிக்காரர்கள் குனிந்து காரைப் பார்ப்பார்கள். ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் இன்னொரு தடவை பார்ப்பார்கள். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய கௌரவம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு ஞாயிறு ஆலங்காயம் பக்கம் போனோம். மலையடிவாரத்தில் சுட்ட சோளக்கதிர் விற்றார்கள். நான் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுத் தின்றதில் நேரம் போய்விட்டது. திரும்பும்போது புளியமரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. அத்தை வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினாள். எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். நான் அவரை வெகுதூரத்திலேயே பார்த்துவிட்டேன். அத்தையோ அவர் மேல் ஏறப்போகும் நேரத்தில்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அவர் தடுமாறி மண்ணில் இறங்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

அத்தை காரை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். அப்பாவுக்கு போன் போட்டு, வண்டி நின்றுவிட்டது என்று சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். இறங்கும்போதே அப்பா காரைத் திட்டிக்கொண்டுதான் இறங்கினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் உடனே கிளம்பிவிட்டது. அப்பா அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாம்மா இப்படி?" என்று கேட்டார்.

"மழைக்காலத்துலர்ந்துண்ணா. கம்பெனில யார்கிட்டயும் சொல்லிடாத. வேலை போய்டும்."

பின்சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த எனக்கும் அது கேட்டது. அர்த்தமும் புரிந்ததாகவே நினைத்தேன். முதலாளி மகன் கொடுத்த காரை அத்தை கெடுத்துவிட்டாள், தெரிந்தால் கோபித்துக்கொள்வார்கள். அப்பா கை பட்டதும் கார் ஓடிவிட்டது என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அம்மா, வண்டிக்கு இன்னா ஆச்சு என்று அப்பாவைக் கேட்டாள். பேஜார் புடிச்ச வண்டி, வித்துடலாம் என்றார் அப்பா. அத்தனை நாள் உரக்கச் சொல்லி வந்ததை அன்றைக்கு முணுமுணுப்பாகச் சொன்னார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் அப்பா உண்மையைச் சொன்னார். வேலூர் ஆஸ்பத்திரியில் அத்தையின் கண்ணைச் சோதித்து, முதலில் வெளிச்சம் குறைந்தால் தெரியாது, பிறகு பகலிலும் பார்வை குறுகிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். கம்பெனியின் பெரிய விளக்குகளுக்குக் கீழே அவளால் இன்னும் சில வருஷம் நிறம் பார்க்க முடிந்தது. அந்தச் சில வருஷத்துக்காக அண்ணனும் தங்கையும் வாய் திறக்கவில்லை. தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கார் பழசாகிவிட்டது, செலவு தாங்கவில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாத அந்தப் பத்து வயதில், ஆலங்காயம் போய்வந்த சில வாரத்தில், வாலாஜாபேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு இளைஞர் ஒரு சாயங்காலம் காரைப் பார்க்க வந்தார். அத்தை எதையும் மறைக்கவில்லை. ஆயில், கிளட்ச், கண்ணாடி, இனி மாற்றவேண்டிய பெல்ட் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கோளாறே சொல்றீங்களே மேடம். நல்லது எதுனா இருக்குதா இதுல?"

அத்தை காரின் கூரையில் கை வைத்தபடி யோசித்தாள்.

"காலியான ரோட்ல ஒரு தடவை விட்டுப் பாருங்க. அப்புறம் நீங்க யாருக்கும் விக்க மாட்டீங்க."

அப்படியானால் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள் என்றார் அவர். அண்ணன் காட்டுவார் என்று அத்தை ஒதுங்கிக்கொண்டாள். அப்பா அதை மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தை ஓட்டியிருந்தால் அந்த ஆள் அசந்துபோயிருப்பாரே என்று பொருமினேன். ஆனாலும் அவருக்குக் கார் பிடித்துவிட்டது.

விலை பேசி முடித்து, பணம் கொடுத்து, அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா உள்ளே போய்விட்டார். அத்தையும் நானும் வாசலில் நின்றோம். கார் தெருமுனை வரை போய், உள்ளே திரும்பிய தண்ணி லாரிக்கு வழிவிட்டு நின்றது.

"போய்ட்டாரா?" என்று அத்தை கேட்டாள்.

"இல்ல அத்தே. அதோ நிக்குதே," என்று கை காட்டினேன்.

அத்தை அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்து, கையசைத்தாள். லாரி கடந்ததும் கார் வளைந்து மறைந்துவிட்டது. அத்தை கையை இறக்கவில்லை. காலித் தெருவுக்கு டாட்டா காட்டுவது அவளுடைய ஏதோ ஒரு வேடிக்கை என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே அவளோடு சேர்ந்து கையசைத்தேன்.