சோயாமீற் பக்கற்றும் விளங்காத மாதிரி நின்ற நானும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில், நன்றாக விளங்கின விசயத்தையே விளங்காத மாதிரி நின்று கேட்டேன்.

கனடாவில் இருக்கிற மகள், "ஓர்கானிக் சாமானாப் பாத்து வாங்குங்கோ அப்பா" என்று சொல்லியிருந்தாள்.

"மரபணு மாற்றாதது" என்று எழுதியிருந்த, இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கிற சோயாமீற் பக்கற்றைத் தூக்கி, "ஓர்கானிக் எண்டது இதுதானே?" என்று காசு வாங்குகிற பிள்ளையைக் கேட்டேன்.

"இல்லை அங்கிள். உது விதையை மாத்தேல்லை எண்டு மட்டும்தான் சொல்லுது. ரசாயன உரம் போட்டிருக்கலாம், மருந்தும் அடிச்சிருக்கலாம். ஓர்கானிக் எண்டால் அதுகளும் கூடாது, மாத்தின விதையும் கூடாது."

"அப்ப நானும் மரபணு மாத்தாத ஆள்தான் பிள்ளை. ஆனா பிறசர் மருந்திலைதான் ஓடுது."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டில் கதைக்கிறது ரீவி மட்டும். அது என்னுடைய பகிடிக்குச் சிரிக்காது. அதனால், "விளங்கேல்லை, இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றேன். பின்னால் வரிசை நீண்ட பிறகுதான் வெளிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். அவள் இடையில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

லைன் தொடக்கத்திலேயே அறுந்து போயிருந்தது.

உங்களில் ஒருவருக்காவது விளங்கவில்லையென்றால் சொல்லுங்கோ.