அனுப்பிய மடலைத் திரும்ப வாங்க முடியாது

சந்தாதாரர்களுக்கு இமெயிலில் போகிற மின்மடலைச் சொந்தமாக நடத்துகிற தொழிலுக்கு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, அனுப்பிய பிறகு வருகிற பயத்தையும் தாங்கத் தெரிய வேண்டும். நமக்கு ஆசிரியர் கிடையாது, பிழை பார்ப்பவர் கிடையாது; திட்டு வாங்குவதும் நாம்தான். திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து வாரா வாரம் நான் படுகிற பாட்டை, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஓர் எழுத்து

என் மாமனார் மூக்குக்கண்ணாடியை விழுப்புரம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்ததைப் பற்றி ஒரு மடல் எழுதினேன். தலைப்பு, 'மாமனார் மறந்த கதை'. அவசரத்தில் 'மறைந்த' என்று அடித்துவிட்டேன். நம் சொந்தக்காரர்கள் தலைப்புக்கு மேல் படிக்கிற வழக்கமில்லை. கண்டமங்கலத்திலிருந்து அவருடைய தம்பி ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்.

மாமனார் அப்போது வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் கோபம் எனக்குத் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தம்பி விஷயத்தைச் சொல்லி முடித்தார். பிறகு மாமனார் உள்ளே பார்த்துக் கேட்டார்: "ஒரே எழுத்துல என்னப் போட்டுத் தள்ளிட்டியேம்மா. இவன் வாங்கிக்கினு வந்த மாலைய இப்ப யாரு கழுத்துல போடறது?"

கீழ் வீட்டு வாசகர்

தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் தன் படுக்கையறையில் வைத்திருக்கும் வீட்டு ஓனரைப் பற்றியும் எழுதினேன். அவராவது இமெயில் பார்ப்பதாவது என்கிற தைரியம். மறுநாள் மாடிப்படியில் மறித்துக்கொண்டு போனை நீட்டினார். திரையில் என் மடல். "மருமவன் சேத்துவுட்டாரும்மா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். மோட்டார் என்னவோ நேரத்துக்கு ஓடியது. அவர் பெயர் வரும் பக்கமே நான் போகவில்லை. அதன்பிறகு ஒருநாள் மறுபடியும் படியில் நிறுத்தினார்: "இப்பல்லாம் என்னப் பத்தி ஒண்ணுமே காணமே, எதனா வருத்தமாம்மா?"

"அட்ரஸ் வேணும்"

அஞ்சலை எனக்குப் பஸ்ஸில்தான் பழக்கம். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி. அடிக்கிற புருஷனை விட்டு வந்து, பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதியில் அறை கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறாள். தன் கதையை எழுதச் சொன்னதும் அவள்தான். "பேர மட்டும் மாத்திடுக்கா" என்றாள். மாற்றினேன். ஊரையும் விட்டுவிட்டேன். விடுதி வேலையையும், இடது முழங்கையில் எண்ணெய் கொட்டிய தழும்பையும் மட்டும் எழுதினேன். அதை அவளே வாசித்துப் பார்த்துச் சரியென்றாள்.

மடல் போன அன்றே யாரோ புதிதாகச் சந்தா சேர்ந்திருந்தார்கள். பெயர் இல்லை. மடலைத் திரும்பப் பிடுங்கவும் வழியில்லை. அஞ்சலையின் போன் அணைந்திருந்தது. அந்தப் புது ஆள் போட்ட பதிலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்: "மேடம், கையில தழும்பு இருக்குற அந்த அக்கா எந்த கெஸ்ட் ஹவுஸ்ல இருக்காங்க? அட்ரஸ் வேணும். அவசரம்."

பொம்மையார்பாளையம்

புதுச்சேரி பஸ்ஸில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களெல்லாம் அவள் புருஷனாகவே தெரிந்தார்கள். அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. இறங்கி, ஷேர் ஆட்டோ மாறி, கடைசித் தூரத்தை ஓடியே கடந்தேன். அஞ்சலை விடுதிக்குப் பின்னால் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னதும் கையிலிருந்த ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. படிச்சுக் காட்ட ஆளுங்க இருக்காங்களே" என்றாள்.

பிறகு எழுந்து போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். 'நீங்கள் யார்?' என்று பதில் போட்டோம். அலைச் சத்தத்தில் ஒவ்வொரு பைக்கும் எங்களை நோக்கி வருவது போலவே இருந்தது. பதில் வந்தது. பனமலைக்காரராம், அவருடைய தங்கையும் புருஷன் அடி தாங்காமல் வந்துவிட்டாளாம், அங்கே அவளுக்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது. அஞ்சலைக்கு வரவில்லை. "இது பொய்யா இருந்தா?" என்றாள். கேட் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வரச் சொல்லுக்கா. தங்கச்சி மட்டும் உள்ள வரட்டும். அண்ணன் ரோட்டுலயே நிக்கட்டும்."

கேட்டுக்கு உள்ளே

மறுநாள் நானும் போயிருந்தேன். கேட் கம்பி வழியாகப் பார்த்த அஞ்சலை, "இந்த ஆள நான் பாத்ததே இல்ல" என்று சொன்ன பிறகுதான் பூட்டைத் திறந்தோம். நிற்கச் சொன்ன இடத்திலேயே அண்ணன் வெயிலில் நின்றார். உள்ளே வந்த பெண்ணுக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. துணிப்பையை மார்போடு அணைத்திருந்தாள். விடுதி மேனேஜர் அவளை அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார்.

இவளைப் பற்றியும் எழுதலாமா என்று என் மனம் அங்கேயே கணக்குப் போட்டது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் திரும்பிக் கேட்டாள்: "உன் ஊட்டுக்காரன் இமெயில் பாப்பானா?"

மடலை அனுப்பிய கையோடு யாரும் பதில் போட்டுவிடக் கூடாதே என்று பயப்படுகிறேன், சாயங்காலம்வரை ஒரு பதிலும் வராவிட்டால் அதற்கும் பயப்படுகிறேன், இதற்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் எழுதுகிறேன்.