அடையாளம் இல்லாத முத்திரை

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் சாப்பாட்டுக் கடை நடத்திய காலம். சமையலுக்கு நின்ற அன்ரன் மூன்று நாளாக வரவில்லை, சொல்லவுமில்லை. அவனை வேலையால் நிறுத்திக் கடிதம் எழுதி, கையெழுத்துக்குக் கீழே முத்திரை குத்தினேன். அது தலைகீழாக விழுந்தது. ஜப்பானியப் பெண் ஒருத்தியிடம் சொல்லி, கையால் செதுக்குவித்து, மனைவி எனக்குத் தந்த முத்திரை அது.

அந்தப் பெண்ணின் கடைக்கே போய்க் கத்தினேன். "மேல்பக்கம் எது என்று ஒரு அடையாளம் வெட்டத் தெரியாதா?"

அவள் டொச் மொழியில் அமைதியாகச் சொன்னாள். "வேண்டுமென்றுதான் வெட்டுவதில்லை. குத்த முன்னர் திருப்பிப் பார்ப்பீர்கள். அதற்குள் மனம் மாறலாம்."

"எனக்கு மாறாது. வெட்டுங்கள்."

அவள் பக்கவாட்டில் சின்னதாக வெட்டித் தந்தாள். புதிதாகக் கடிதம் எழுதிக் குத்தினேன். நேராக விழுந்தது.

மறுநாள் வந்த அன்ரன் அதை வாசித்தான். "மன்னாரில அம்மா செத்திட்டா, அண்ணை. அகதி விசாவில போகவும் ஏலாது. உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை."

கடிதத்தைக் கிழித்துவிட்டு, வேலையில் நிற்கச் சொன்னேன். அவன் நிற்கவில்லை.

யோசிக்க எனக்கென்று ஒரு நிமிடத்தை அந்தப் பெண் விட்டு வைத்திருந்தாள். சண்டை பிடித்து அதை இல்லாமல் ஆக்கியவன் நான்தான்.