சைக்கிளோடு எல்லை தாண்டும் ரயிலில், அத்தான் கட்டிய பெட்டி

மொன்றியலில் இருந்து அமெரிக்காவுக்கு ரயிலில் சைக்கிளைக் கொண்டு போகலாமா என்று சில வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். போகலாம். ரயில்காரர்கள் விடுவார்கள், எல்லை அதிகாரிகளும் கடைசியில் விடுவார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் விடுவார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் போனது 1996 செப்டெம்பரில். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கிய கையால் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் இரவு முழுவதும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மெட்ரோ ஓடத் தொடங்குமுன் வேலை முடிந்துவிடும் என்பதால் வீட்டுக்குச் சைக்கிளில்தான் வருவேன். அப்படிப் பழகிய கால்களுக்கு ஒரு நீண்ட தெரு வேண்டியிருந்தது. நியூயோர்க் போகும் பகல் ரயிலில் ஏறி அல்பனியில் இறங்குவது, அங்கிருந்து சாம்ப்ளெய்ன் ஏரியோரமாக நானூறு கிலோமீட்டர் அளவில் மிதித்து மொன்றியலுக்குத் திரும்புவது, இதுதான் திட்டம். அகதிப் பயணப் பத்திரத்தில் அமெரிக்க விசா எடுக்க அலைந்த கதையை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். கிடைத்தது ஒரே ஒரு முறை நுழையும் விசா.

யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லாத வருடங்களில் நான் சைக்கிள் மிதிக்காத நாள் கிடையாது. அரிசி மூட்டை, விறகு, மண்ணெண்ணெய்க் கலன், காய்ச்சல்காரர் என்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறேன். எனக்காக மட்டும் ஓடிய தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு தடவையாவது ஒருவருடைய பாரமும் இல்லாமல் ஓட வேண்டும் என்பது என் ஆசை. பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை. என் குடும்பத்தில் அது பெரிய ஆசையாகத்தான் இருந்தது.

ரயில் விஷயம். அந்த ரயிலில் பொதிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது சைக்கிள் ஏற்ற முடியாது என்றார்கள். டிக்கெட் கவுண்டரில் கேட்டபோது, கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டால் கைப்பொதி மாதிரிக் கொண்டு போகலாம், கண்டக்டர் சம்மதித்தால் சரி என்றார்கள். கண்டக்டரின் சம்மதம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்கள். அட்டைப்பெட்டியைச் சைக்கிள் கடைகளில் கேட்டால் சும்மா தருவார்கள். முன்சில்லைக் கழற்றி, பெடல் இரண்டையும் எடுத்து, ஹாண்டிலைத் திருப்பி வைத்தால் சைக்கிள் அதற்குள் அடங்கிவிடும். பெடலுக்கு மெல்லிய ஸ்பனர் ஒன்று தேவை. அதை மறக்கவே கூடாது.

நான் மறக்கவில்லை. ஸ்பனர், பம்ப், மேலதிக டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிச் சைக்கிளோடு பெட்டிக்குள் வைத்தேன். என் ஒற்றை அறையில் அந்தப் பெட்டியை வைக்க இடமில்லை. மொன்றியல் புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருந்த அக்கா வீட்டுக் கராஜில் வைத்தேன். அக்காவின் கணவர் குலம் அத்தான், காலையில் தன் வான் வண்டியில் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டு வருவதாகச் சொன்னார். நான் இரவு வேலை முடித்து நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் காலை பத்து மணிக்கு. அத்தான் வந்து சேர்ந்தபோது பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

பெட்டியைச் சுற்றி மண்ணிற டேப் ஒட்டியிருந்தது. நான் ஒட்டியதைவிட நாலு மடங்கு. தூக்கிப் பார்த்தேன்.

"அத்தான், இதென்ன இவ்வளவு பாரம்?"

"ஒண்டுமில்லையடா. உன்ரை அக்கா கொஞ்சம் பலகாரம் வைச்சவ. அல்பனியிலை எங்கடை பரமசிவத்தின்ரை மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு. அவன் ஸ்டேஷனுக்கு வருவான். நீ இறங்கினவுடனை வாங்கிக்கொண்டு போயிடுவான்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ மாட்டன் எண்டல்லோ சொல்லுவாய்! ஏறு ஏறு, ரயில் போகப் போகுது."

நம்மவர்களிடம் உள்ள வழக்கம் இது. ஒருவன் ஓர் ஊருக்குப் போகிறான் என்று தெரிந்தால் போதும். அந்த ஊரில் யாருக்கு என்ன அனுப்பலாம் என்றுதான் யோசிப்பார்கள். அவன் எதற்குப் போகிறான் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். போகிறவன் மனிதன் அல்ல, தபால்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "உள்ளே யார், இறந்து எத்தனை நாள்?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பிறகு கடைசிப் பெட்டியில் கதவுக்குப் பின்னால் நிறுத்திவைக்க விட்டார். சம்மதம் என்பது அவ்வளவுதான்.

மதியத்துக்குக் கிட்ட, எல்லையைத் தாண்டிய முதல் ஊரான ரவுசஸ் பொயின்டில் ரயில் நின்றது. அமெரிக்க அதிகாரிகள் ஆணும் பெண்ணுமாக இருவர் ஏறினார்கள். பக்கத்தில் இருந்தவர்களின் கடவுச்சீட்டுகளை ஒரு பார்வையில் முடித்துவிட்டு என் பயணப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அது எனக்குப் பழக்கம். பெட்டியில் என்ன என்று கேட்டார் ஆண் அதிகாரி. சைக்கிள், கொஞ்சம் இனிப்பு என்றேன். கத்தியால் டேப்பை வெட்டினார்.

சைக்கிளின் ஒவ்வொரு இடைவெளியிலும், சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில், இருக்கைக்குக் கீழே, செங்கல் அளவில் மண்ணிற டேப் சுற்றிய பொதிகள். எட்டுப் பொதிகள். மேலே பலகார டப்பா இரண்டு. அதிகாரி ஒரு பொதியைக் கீறினார். கோப்பித்தூள் கொட்டியது. கோப்பித்தூளுக்குள் இன்னொரு பொதி இருந்தது.

போதைப்பொருள் கடத்துகிறவர்கள் நாயின் மூக்கை ஏமாற்ற அப்படித்தான் கட்டுவார்களாம். எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அதிகாரிகளுக்குத் தெரியும். அந்தப் பெண் என்னை எழுந்து நின்று கைகளைத் தெரியும்படி வைக்கச் சொன்னார். ஆண் அதிகாரி உள்பொதியையும் கீறி, மூக்கை அருகே கொண்டுபோய் நன்றாக ஒரு தரம் இழுத்தார்.

வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். மனிதர் ஒரு நிமிடம் மூச்சில்லாமல் நின்றார். பிறகு தும்மல், இருமல், கண்ணீர். ஜன்னல் திறக்காத வண்டி. முன் வரிசைகள் வரை இருமினார்கள். ஒரு கிழவர் பிரெஞ்சில் என்னைத் திட்டினார். பெட்டியோடு என்னை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ரயில் போய்விட்டது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து அறையில் விசாரணை. ஒவ்வொரு பொதியையும் திறந்து ஏதோ திரவம் விட்டுச் சோதித்தார்கள். கோப்பித்தூள் எதற்கு என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். யார் கட்டியது? அக்காவின் கணவர். உன் பெட்டியை நீயே ஏன் கட்டவில்லை? என் விசா அவர்களின் மேசையில் கிடந்தது. நுழைவு மறுத்து ஒரு முத்திரை குத்தினால் பயணம் அத்தோடு முடிந்தது. பிறகு கனடாவிலும் என் கோப்பைத் திறப்பார்கள்.

அத்தானின் தொலைபேசி எண்ணை வாங்கி அடுத்த அறைக்குப் போய் அந்தப் பெண் அதிகாரி பேசினார். திரும்பி வந்து சொன்னார்: "உன் அத்தானுக்கு உன்னைத் தெரியுமாம். பெட்டியைத் தெரியாதாம்."

இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கட்டியது அவர். வானில் ஏற்றி வந்தது அவர். ஏறு ஏறு என்று தள்ளியது அவர்.

பிற்பகல் நாலு மணியளவில் சோதனையில் ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. மிளகாய்த்தூளையும் கோப்பியையும் பறிமுதல் செய்து, பலகாரத்தைத் திருப்பித் தந்து, நுழைவு முத்திரையைக் குத்தினார்கள். அடுத்த ரயில் மறுநாள். வெளியே வந்து சைக்கிளைப் பொருத்தலாம் என்று பெட்டிக்குள் தேடினேன். என் கருவிப் பை இல்லை. ஸ்பனர் இல்லை, பம்ப் இல்லை, டியூப் இல்லை. தூளுக்கு இடம் போதாமல் அத்தான் அதை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். பெடலைப் பொருத்த வழியில்லாத சைக்கிளோடு நான் எல்லையில் நின்றேன்.

கண் இன்னும் சிவந்திருந்த அதே அதிகாரி தன் வண்டியில் இருந்து ஒரு ஸ்பனரைக் கொண்டுவந்து நீட்டினார். "இனி எதையும் முகர்ந்து பார்க்கமாட்டேன்" என்றார். பெடல்களைப் பூட்டினேன். சில்லுகளில் காற்று இருந்தது. அதற்காக அத்தானுக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

பெட்ரோல் நிலையத்துத் தொலைபேசியில் அத்தானை அழைத்தேன்.

"அத்தான், ஏன் தெரியாது எண்டு சொன்னனீங்கள்?"

"பின்னை என்னடா? அடுத்த மாசம் எனக்குச் சிற்றிசன் சோதினை. பேரைப் பதிஞ்சு வைச்சாங்கள் எண்டால்? நீ தனிக்கட்டை, உன்னை என்ன செய்யப் போறாங்கள்?"

"என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்."

"அனுப்பேல்லைத்தானே! தூள் எங்கை?"

"பறிச்சுப்போட்டாங்கள்."

"ஐயோ, எட்டுக் கிலோ! உன்ரை அக்கா ரெண்டு நாள் இருந்து வறுத்து, மணம் வெளியிலை வராமல் கோப்பித்தூளுக்கை வைச்சுக் கட்டினவ. பலகாரம்?"

"இருக்கு."

"அப்ப நாளைக்குப் பஸ் எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்திடு. அவை பாத்துக்கொண்டிருப்பினம். சைக்கிளை உங்கை எங்கையாவது பூட்டிப்போட்டுப் போ. பேந்து எடுக்கலாம்."

போனை வைத்தேன். பலகார டப்பாவைத் திறந்து பயற்றம் பணியாரம் இரண்டு தின்றேன். அக்காவின் கை. அருமையாக இருந்தது. அது கோபத்தை இன்னும் கூட்டியது. மீதி முழுவதையும், முறுக்கு, அரியதரம் எல்லாவற்றையும், பெட்ரோல் நிலையத்துப் பின்பக்கத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அட்டைப்பெட்டியையும் மடித்து மேலே திணித்தேன். பட்டினி பார்த்த ஊரில் இருந்து வந்தவன் சாப்பாட்டைக் கொட்டலாமா என்று பிறகு பலர் கேட்டார்கள். கொட்டினேன். இன்னொரு தடவை என்றாலும் கொட்டுவேன்.

பிறகு தெற்கே மிதித்தேன். ரவுசஸ் பொயின்டில் இருந்து பிளாட்ஸ்பேர்க் நாற்பது கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. ஏரி இடப்பக்கம் வந்து வந்து மறையும். இருட்டுமுன் போய்ச் சேர்ந்தேன். தெருவோர மோட்டல்கள் மலிவு, கட்டில் சுத்தம். மறுநாள் அங்கே ஒரு கடையில் பம்பும் ஸ்பனரும் வாங்கிக்கொண்டேன். பிளாட்ஸ்பேர்க்கில் இருந்து எஸ்ஸெக்ஸ் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஏற்றங்கள் உண்டு, வெயிலுக்கு முன் புறப்படுங்கள். எஸ்ஸெக்ஸில் சிறு படகு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இருபது நிமிடத்தில் அக்கரையில் வெர்மொன்டில் விடும். அதில் நின்றபோது முதுகில் ஒரு பையும் கையில் ஒரு சைக்கிளும் மட்டும்தான் இருந்தன. யாரும் எனக்காக எங்கும் காத்திருக்கவில்லை. இதற்காகத்தான் வந்தேன் என்று அப்போது நினைத்தேன், இன்னும் கோபம் தீராமலே. பிறகு பர்லிங்டன், ஏரியின் நடுவே கோர்த்தது போல் இருக்கும் தீவுகள், பாலங்கள், ஆப்பிள் தோட்டங்கள். அந்தத் தீவுத் தெருவைப் போலச் சைக்கிளுக்கு ஏற்ற தெருவை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாலாம் நாள் ஒரு சின்ன எல்லைச்சாவடி வழியாகக் கியூபெக்குக்குள் வந்தேன். "பொன்ஜூர், காற்று எதிரேயா அடித்தது?" என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டார்கள்.

வீட்டில் அப்படி விடவில்லை. பரமசிவம் ஸ்டேஷனில் இரண்டு மணிநேரம் நின்றாராம், சாமத்தியவீட்டில் கடைப் பலகாரம் வைத்தார்களாம், அக்காவின் மானம் போயிற்றாம். அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அத்தானுக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இந்தக் கதையை அவர்தான் சொல்கிறார். அவருடைய கதையில் அவரே அதிகாரிகளோடு ஆங்கிலத்தில் வாதாடி என்னை மீட்டிருக்கிறார். எல்லோரும் விழுந்து சிரிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் வந்து "மாமா, அந்தச் சில்லி பவுடர் மாமா நீங்களா?" என்று கேட்கிறார்கள். அத்தான் அந்தப் பக்கம் கையில் கிளாஸோடு நிற்பார். ஒரு தடவைகூட "நான் தெரியாது எண்டு சொன்னன்" என்று அவர் சொன்னதில்லை.

போகிறவர்களுக்கு: ரயிலில் சைக்கிள் விதிகள் அடிக்கடி மாறும். தொலைபேசியில் கேட்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள், சொன்னவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பனரும் பம்பும் பெட்டிக்குள் வேண்டாம், தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். அகதிப் பத்திரத்தில் போகிறவர்கள் எல்லையில் கூடுதல் நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்பனி வரை போகத் தேவையில்லை. ரவுசஸ் பொயின்டிலேயே இறங்கி, நான் சுற்றிய அதே வழியில் ஏரியைச் சுற்றி வரலாம். நாலு நாள் போதும்.

பெட்டியை நீங்களே கட்டுங்கள், இரவு அது உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். யாராவது பார்சலோடு வந்தால் இடமில்லை என்று சொல்லாதீர்கள். இடம் இருக்கிறதா என்று அவர்களே திறந்து பார்ப்பார்கள். கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லுங்கள். கோபிப்பார்கள். கோபிக்கட்டும். நீங்களும் கோபத்தோடே புறப்படுங்கள், தணியட்டும் என்று காத்திருந்தால் ரயில் போய்விடும். நான் அந்த நாலு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தேன். சைக்கிள் நன்றாகத்தான் ஓடியது.